பாவும் பாவாவும்

கோதண்டபாணியும் அவருடைய மனைவியின் அண்ணன் கஜபதியும் பேச்சை நிறுத்தி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. சொத்துத் தகராறு இல்லை, பெண் கொடுத்து எடுத்ததில் வந்த மனக்கசப்பும் இல்லை. எல்லாம் ஒரு லுங்கியால் வந்த வினை.

எங்கள் பொதட்டூர்பேட்டையில் கோதண்டபாணி நெய்தால் துணி கிழியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர் நெய்வதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார், சாயமும் தானே காய்ச்சுவேன் என்பார். அங்கேதான் கோளாறு. ஓர் ஆடிக் கிருத்திகைக்குத் தன் கையால் நெய்த சிவப்புக் கட்டம் போட்ட லுங்கி ஒன்றை மச்சானுக்குக் கொடுத்தார். பள்ளிப்பட்டில் வெல்ல மண்டி வைத்திருந்த கஜபதி அதைக் கட்டிக்கொண்டு திருத்தணி சரவணப் பொய்கையில் முழுக்குப் போட்டு எழுந்தார். இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது. கஜபதிக்கு வாய் சும்மா இருக்காது. திரும்பும் வழியில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் காலைக் காட்டி, "என் தங்கச்சி புருஷன் நெய்ஞ்சதுங்க. துணி வாங்குனா சாயம் உடம்புக்கு இனாம்!" என்றார். லுங்கி வாங்க வந்திருந்த வியாபாரிகளும் கேட்டுச் சிரித்தார்கள். கோதண்டபாணி அந்தக் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அன்றோடு சரி. எங்கள் பக்கத்தில் மனைவியின் அண்ணனைப் பாவா என்று கூப்பிடுவது வழக்கம். பக்கத்துத் தெலுங்கு எங்கள் வீட்டுக்குள் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது. அப்பாவும் எங்களுக்கு நைனாதான். அந்தப் பாவா என்ற சொல்லை அதற்குப் பிறகு கோதண்டபாணி வாயில் யாரும் கேட்கவில்லை. மகள் தமயந்தியின் கல்யாணத்தில்கூட, "ஏம்மே, பொண்ணுக்குத் தாய்மாமன் வந்து நிக்கிறாரு, உள்ள வரச் சொல்லு" என்று ஜெயம்மாளிடம் சொன்னாரே தவிர, எதிரில் நின்ற ஆளைப் பார்த்து வா என்று சொல்லவில்லை.

ஆனால் சாயம் மட்டும் அவர் மனதில் கொதித்துக்கொண்டே இருந்தது. ஓடாத சிவப்பு ஒன்றைக் காய்ச்சி அந்த ஆள் மூஞ்சியில் அடிக்காமல் விடுவதில்லை என்று இருந்தார். ஜெர்மன்காரனோடு உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நூலுக்குக் கண்ட்ரோல், சர்க்கார் அளந்து கொடுப்பதுதான். கிடைத்த நூலை மிச்சம் பிடித்து, அந்த மார்கழியில் யாருக்கும் தெரியாமல் புதுச்சாயம் தோய்த்துப் பாவு தயார் செய்தார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். நெய்வதற்கு முன் அதைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, கஞ்சி பூசி, இழை இழையாகப் பிரித்துக் காயவைக்க வேண்டும். மற்றவர்கள் தெருவில் செய்வார்கள், நாலு பேர் கை கொடுப்பார்கள். கோதண்டபாணிக்குச் சாய ரகசியம் வெளியே போய்விடக் கூடாது. அதனால் ஏரிக்கரைப் புளியந்தோப்பில், விடியற்காலைப் பனியில், அவரும் ஜெயம்மாளுமாக நீட்டினார்கள்.

நாலைந்து நாளாகவே அவருக்கு இருமல். "சும்மா தொண்டெ கரகரப்புமே" என்று தள்ளிவிட்டார். அன்றைக்குக் கஞ்சி பூசிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. விலாவைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார். ஜெயம்மாள் தொட்டுப் பார்த்தாள். அடுப்புக் கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது.

"எழுந்திருங்க, வீட்டுக்குப் போலாம்."

"நீ பிரிச்சுக்கினே இரு, நான் தோ வரேன்" என்றார். வரவில்லை. சாய்ந்துவிட்டார்.

தோப்பு ஓரமாகவே பஸ் ரோடு. பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்கள் அப்போது. பின்னால் அடுப்பு வைத்துக்கொண்டு, மேட்டில் ஏற முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். ஜெயம்மாள் ரோட்டின் நடுவில் நின்று அதை நிறுத்தினாள். டிரைவர் ராஜவேலு எங்கள் ஊர் மாப்பிள்ளை. ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்திருந்த தமயந்தியை வாசலில் ஏற்றிக்கொண்டு, நேராகத் திருத்தணிக்கு விட்டார். பாவு தோப்பிலேயே கிடந்தது. அது அங்கே இருப்பது தெரிந்த ஒரே ஆள் ஜெயம்மாள். அவளுக்கு அப்போது புருஷனைத் தவிர உலகத்தில் வேறெதுவும் நினைவில்லை.

பஸ்ஸில் கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டு எதையோ சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் மூச்சு இழுத்துக்கொண்டு ஆ என்று முடிந்தது. ஜெயம்மாள் காதை வாயருகில் வைத்துக் கேட்டாள். கேட்டதும் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"தமயந்தி, நைனா இன்னா சொல்றாருன்னு கேளு."

தமயந்தியும் குனிந்து கேட்டாள். "பாவான்றாரும்மா."

"எனுக்கும் அப்பிடித்தான் கேக்குது" என்று சொல்லிவிட்டு ஜெயம்மாள் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

திருத்தணியில் அன்று படித் திருவிழா. வெள்ளைக்கார வருஷம் முடிகிற நாள். ஊர் ஊராகப் பஜனைக் கோஷ்டிகள் வந்து மலையடிவாரத்தில் ஜால்ராவைத் தட்டிக்கொண்டிருந்தன. சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் சுந்தரமூர்த்தி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. கோதண்டபாணியின் முதுகில் குழலை வைத்து இரண்டு பக்கமும் கேட்டார். கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார். நகத்தை அழுத்திப் பார்த்தார். அப்புறம் ஜெயம்மாளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நிமோனியா அம்மா. ரெண்டு நுரையீரலும் பிடிச்சிருக்கு. மாத்திரை கொடுக்கறேன், நல்ல மாத்திரைதான். ஆனா இந்த வியாதியிலே எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆபத்து இல்லே. ஆளைப் பொறுத்தது. அதனாலே கேக்கறதுக்கெல்லாம் உள்ளது உள்ளபடி சொல்லணும். வயசு என்ன?"

ஜெயம்மாளுக்கு ஒரே விஷயம்தான் விளங்கியது. சரியான பதில் சொன்னால் இவர் காப்பாற்றுவார், தப்பாகச் சொன்னால் கைவிட்டுவிடுவார். கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறவள் போல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நாப்பத்தஞ்சுங்க."

டாக்டர் தலை நரைத்த அவளைப் பார்த்தார். பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு நின்ற தமயந்தியைப் பார்த்தார். "சரி, அறுபதுக்கு மேலேன்னு வெச்சுக்கறேன். பீடி உண்டா?"

"அய்யோ, அந்த வாடையே ஆவாதுங்க அவருக்கு."

"மடியிலேருந்து ஒரு கட்டு எடுத்து நர்ஸ் வெச்சிருக்காங்களே?"

"அது யாருதோங்க. தூக்கும்போது பஸ்சுல கீறவங்க எவனாவது சொருவியிருப்பான்."

"கள்ளு?"

"தொடமாட்டாருங்க." கொஞ்சம் யோசித்தாள். முருகன் மலைக்குக் கீழே நின்றுகொண்டு முழுப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "சாயங்காலத்துல ஒரு மொந்தெ. அத்தக் கள்ளுன்னு சொல்ல முடியாதுங்க."

"நேத்து என்ன சாப்பிட்டார்?"

"நல்லா துன்னாருங்க. களி, கருவாட்டுக் கொழம்பு."

"எம்மா, நைனா ரெண்டு நாளா வாயில ஒண்ணியும் வெக்கலியே" என்றாள் தமயந்தி.

"நீ சும்மா இரு, டாக்டரய்யா என்னெத்தானே கேக்குறாரு."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "கடைசியா ஒண்ணு. இதுதான் முக்கியம். சம்பந்தமில்லாம ஏதாவது பிதற்றறாரா? ஜன்னி கண்ட மாதிரி?"

அத்தனை கேள்விக்கும் பொய் சொன்ன ஜெயம்மாள் இதற்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டாள். அது அவளால் பொய்யால் மூடக்கூடிய சங்கதியாக இல்லை.

"ஆங், பேத்துறாருங்க. எங்கண்ணனெக் கூப்புடறாரு."

"அதுல என்ன பிதற்றல்?"

"அய்யோ, உங்களுக்குத் தெரியாதுங்க. புத்தியோட கீறவரு கூப்புடவே மாட்டாருங்க!"

லுங்கிக் கதையை அவள் அழுதுகொண்டே சொல்லி முடித்தாள். டாக்டர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. வயது, பீடி, கள், சாப்பாடு இறங்காதது, இரண்டு பக்கமும் சளி, இப்படி வேகமாக அடிக்கும் மூச்சு, இதெல்லாம் ஒவ்வொன்றும் சுமை. இவ்வளவு சுமையோடும் ஆள் பிழைப்பதுண்டு. ஆனால் அதோடு புத்தியும் தடுமாறினால் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுந்து போகிறவர்கள் குறைவு. அதை மெதுவாக அவளுக்குச் சொன்னார்.

"அவர் கூப்பிடற மனுஷனை வரச் சொல்லிடுங்கோம்மா" என்றார்.

திரும்பிப் பள்ளிப்பட்டுக்குப் போகும் ராஜவேலுவிடமே செய்தி சொல்லி அனுப்பினார்கள். நர்ஸம்மா வெள்ளை மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்துப் புகட்டினாள். மத்தியானத்துக்கு மேல் தூறல் பிடித்துக்கொண்டது. மழைச் சத்தம் ஓட்டின் மேல் கேட்டதும் கோதண்டபாணி இன்னும் அதிகமாகப் பாவா பாவா என்று துடித்தார். "வந்துகினே கீறாருங்க, அண்ணன் வந்துகினே கீறாரு" என்று ஜெயம்மாள் மாரைத் தடவிக்கொடுத்தாள். அவர் அவளை முறைத்துப் பார்த்தார். பேச மூச்சு இல்லை.

மலைமேல் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கஜபதி வந்து சேர்ந்தார். வாசலில் நின்ற நர்ஸம்மா அவரைப் பார்த்ததும் அலறிவிட்டாள். வெள்ளை வேட்டி முழுக்கச் சிவப்பு. தோள், மார்பு, கை எல்லாம் சிவப்பு.

"எங்கே அடி? பஸ் கவுந்துடுச்சா?"

"எனுக்கு ஒண்ணியும் இல்லம்மா. எங்க மாப்ளே எங்க?"

"படுங்க, முதல்ல படுங்க!" என்று அவள் ஒரு கட்டிலைக் காட்டினாள். கஜபதி அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினார்.

கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் அவருடைய வாய்த்துடுக்கெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, நான்தான் வந்துகீறேன். கூப்ட்டியாமே."

கோதண்டபாணி கண்ணைத் திறந்தார். அவரைப் பார்த்தார். அப்புறம் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏம்மே... இவர யாரு... கூப்ட்டது?"

"நீங்கதாங்க! காலீலருந்து பாவா பாவான்னு..."

"பாவுமே!" மூச்சு இழுத்தது. "பாவுன்னேன். தோப்புல... மழெ..."

ஜெயம்மாள் தலையில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டாள். "அய்யோ, பாவு! தோப்புல வுட்டுட்டு வந்துட்டனே! கண்ட்ரோல் நூலாச்சே!"

"புளியந்தோப்புல கீற பாவா?" என்று கஜபதி கேட்டார்.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"பஸ்சு ஏரிக்கரெல தண்ணி புடிக்க நின்னுச்சு. தோப்புல எவனோ பாவு போட்டு வுட்டுட்டுப் பூட்டான், தூறல்ல நனைஞ்சிகினு கீது. யாரோ பாவம்னு போய்த் தொட்டேன். கை செவந்துச்சு. ஒலகத்துல இந்தச் சாயம் ஒருத்தர்தானே போடுவாரு? ராஜவேலுவெயும் பஸ்சுல இருந்தவங்களெயும் கூப்ட்டு அவிழ்த்துச் சுருட்டி, தோள்ல போட்டுகினு வந்து, உங்க வூட்டு நடையில கட்டிட்டேன். பக்கத்து வூட்டு வரலட்சுமி இழெயப் பிரிச்சிகினு கீது. ஒரு இழெ அறுவலெ மாப்ளே."

கோதண்டபாணி கண்ணை மூடினார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருந்தால் டாக்டரே பாதி நம்பிக்கை கொண்டிருப்பார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து ஜெயம்மாளிடம் சொன்னார்.

"சாயம்... ஓடிச்சான்னு கேளு."

"அண்ணா, சாயம் ஓடிச்சான்னு கேக்குறாரு."

கஜபதி எழுந்து நின்றார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். முதுகு, மார்பு, தொடை, முன்னும் பின்னும் செக்கச் செவேல்.

முதலில் தமயந்தி களுக்கென்றாள். ஜெயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோதண்டபாணியின் வயிறு குலுங்கியது. சிரிப்பு தொண்டைக்கு வருமுன் இருமலாக மாறி அவரைப் புரட்டிப் போட்டது. பக்கத்துக் கட்டில்காரன் டாக்டரைக் கூவி அழைத்தான்.

டாக்டர் ஓடிவந்து அவரை நிமிர்த்தி உட்காரவைத்தார். துருப்பிடித்த நிறத்தில் சளி வந்தது. கொஞ்சம் அடங்கியதும், நடந்ததையெல்லாம் ஜெயம்மாளும் தமயந்தியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவருக்கு இரண்டு தடவை கேட்டுத்தான் பாவுக்கும் பாவாவுக்கும் வித்தியாசம் பிடிபட்டது. நேராக நோயாளியையே பார்த்துக் கேட்டார்.

"பெரியவரே, இது எந்த ஊர்?"

"திருத்தணிங்க."

"இன்னிக்கு என்ன விசேஷம்?"

"படித் திருவிழா. காது... கிழியுதே."

"இதோ நிக்கறாரே, இவர் யார்?"

கோதண்டபாணி பேசவில்லை. டாக்டர் முகம் மாறியது. குனிந்து, "தெரியலையா?" என்றார்.

"தெரியும். சொல்ல மாட்டேன்."

சுந்தரமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார். அந்த ஆஸ்பத்திரியில் அவர் அப்படிச் சிரித்து நர்ஸம்மா பார்த்ததில்லையாம். "புத்தி பலமாவே இருக்கு! ஜன்னி இல்லேன்னா பாதி பாரம் எறங்கின மாதிரி. மீதி இருக்கும்மா, ஏமாந்துடக் கூடாது. ராத்திரியெல்லாம் படுக்கவிடாம நிமித்தி உட்கார்த்தி வெக்கணும். படுத்தா மூச்சு முட்டும். தலகாணி இங்கே அவ்வளவு கிடையாது."

"தலகாணி எதுக்குங்க?" என்றார் கஜபதி.

கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு, கோதண்டபாணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முதுகோடு முதுகாக அவரைச் சாய்த்துக்கொண்டார். வெல்ல மூட்டை தூக்கிப் பழகிய முதுகு அது, அகலமாக, அசையாமல் இருக்கும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. பேசாத இரண்டு பேருக்கு இதைவிட வசதியான உட்கார்வு வேறு கிடையாது.

மலையில் கோஷ்டிகள் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டு ஏறின. பாட்டு மேலே போகப் போக மெல்லிசாகக் கேட்டது. திரும்பி வந்தவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று எல்லாக் கட்டிலுக்கும் புளியோதரையும் சுண்டலும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜெயம்மாள் அண்ணன் வாயில் உருட்டி உருட்டிப் போட்டாள். கஜபதி இரண்டு கையாலும் பின்னால் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கை விலகப் பார்க்கவில்லை.

மறுநாள் பகலெல்லாம் சூடு இறங்கவில்லை. மூச்சு விசிறியாக அடித்தது. டாக்டர் வந்து வந்து பார்த்தார், எதுவும் சொல்லாமல் போனார். ஜெயம்மாள் அவரைத் தொடர்ந்து வராந்தாவுக்கு ஓடினாள்.

"டாக்டரய்யா, நேத்து நான் சொன்னதெல்லாம் பொய்ங்க. அறுவத்திரெண்டு வயசு. பீடியும் அவரதுதான். ரெண்டு மொந்தெங்க. உண்மெயச் சொல்லிட்டேன், காப்பாத்திடுங்க."

"தெரியும்மா" என்றார் டாக்டர். "போய்க் கஞ்சி குடுங்கோ."

அன்றிரவு மாப்பிள்ளையின் முதுகிலிருந்து கஜபதி முதுகுக்கு முதலில் ஒரு சொட்டு இறங்கியது. விடிவதற்குள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். வேர்வை. தமயந்தி நைனாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஏரித்தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. மூச்சு எண்ணக்கூடிய மாதிரி நிதானமாக ஓடியது. நர்ஸம்மா டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

கோதண்டபாணி உதட்டை நனைத்துக்கொண்டார்.

"பாவா" என்றார்.

கஜபதி கண் சொருகி உட்கார்ந்திருந்தவர் துள்ளி விழுந்தார். "பாவு பத்தரமா கீது மாப்ளே! நடையில காஞ்சிகினு கீது, நீ கவலப்படாதே!"

"பாவு இல்லய்யா." கோதண்டபாணி எட்டிப் பின்னால் கைவிட்டு அவர் தோளைத் தட்டினார். "பாவா. உன்னெத்தான். முதுகு வலிக்கலியா?"

கஜபதி வேட்டி நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். கண்ணீர் பட்டதும் சாயம் இளகி அவருடைய கன்னம் இரண்டும் சிவந்துபோயின. அதைப் பார்த்து ஜெயம்மாள் அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியாது.

அப்போதுதான் உள்ளே வந்த டாக்டர் வாசலிலேயே நின்றார். "என்னம்மா, மறுபடி பாவாங்கறாரே? பிதற்றலா?"

"இல்லீங்க டாக்டரய்யா" என்றாள் ஜெயம்மாள். "இப்பதாங்க புத்தி தெளிஞ்சி பேசுறாரு."